தன் ஆள் என்று சொல்லிவிடுவார்கள்

வுப்பர்டாலுக்குப் போன புதிதில் என்னை முதன்முதலாக அவமானப்படுத்தியவர் ஒரு தமிழர். இதைச் சொன்னால் அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், இப்போதும் சிரிப்பார். "உங்களை மட்டுமோ தம்பி?" என்பார்.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எவனும் பந்து உதைப்பான். ஓடத் தெரியாதவனைக் கோல் போஸ்ட்டில் நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்று நின்று நான் சுமாரான கோல் கீப்பர் ஆனேன். உலோகப் பூச்சு பற்றி ஆராய்ச்சி செய்ய ஜெர்மனி வந்தபோது, குளிர்கோட்டைவிட கிளவுஸைத்தான் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். தங்கியிருந்த அறைக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு சின்ன கால்பந்து கிளப் இருந்தது. வந்த மாதமே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

பயிற்சியாளர் தடித்த ஜெர்மன்காரர். அவருக்கு உதவியாக, கோட்டுக்கு வெளியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தார் ஐம்பதைத் தாண்டிய ஒருவர். கம்பளித் தொப்பிக்குக் கீழே நம்மூர் மீசை. "அண்ணே, நீங்க தமிழா?" என்று சந்தோஷமாக ஓடினேன். "ஓம்" என்றார். அவ்வளவுதான். பிறகு பந்தை எடுத்து வைத்தார். எனக்கு முன்னால் இரண்டு கீப்பர்களுக்கு மெதுவாக, கைக்கு நேராக உதைத்தவர், எனக்கு மட்டும் கிட்ட நின்று, மூலை பார்த்து, முழு பலத்தோடு உதைத்தார். நான் இடது பக்கம் பாய்ந்தால் பந்து வலது பக்கம் போனது. செயற்கைப் புல்லில் முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. கடைசியில் பயிற்சியாளரே பாவப்பட்டுப் போதும் என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த மீசைக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, பிழையா நினைக்காதேங்கோ. நீங்கள் நல்லாத்தான் பிடிச்சனீங்கள். மற்றப் பெடியளுக்கு அடிச்ச மாதிரி உங்களுக்கும் அடிச்சா, தன்ர ஆள் எண்டு சேர்த்துப்போட்டான் எண்டு சொல்லுவினம்."

"யாரு சொல்லுவாங்க?"

சுற்றிலும் பார்த்தார். இரண்டு காரும் ஒரு குப்பைத் தொட்டியும்தான் இருந்தன.

"சொல்லுவினம்," என்றார்.

அந்தச் சொல்லுகிறவர்கள் யார் என்று நான் அந்த ஊரில் இருந்த காலம் முழுக்கத் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை. ஆனால் அண்ணைக்கு அவர்கள் எப்போதும் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், தமிழன் தமிழனைப் புகழ்ந்து எழுதிவிட்டான் என்று சொல்லுவினம் என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கார் ஓட்டும்போது தவிர அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் வாசலுக்கும் மேடைக்கும் இடையே நடப்பார். ஆட்டம் நடக்கும்போது கோட்டோரம் நடப்பார். வீட்டில் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்தபடி சாப்பிடுவார். பக்கத்து ஊரில் ஒரு கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குத் தலைவராக இருந்தார். அங்கேயும் இயந்திரங்களுக்கு நடுவே நடைதான் என்று கேள்வி. அங்கு வேலை செய்த தமிழர்கள் எல்லோரும் அலுவலகத்தில் தனித்தனியாகப் போய், தயவுசெய்து எங்களை அவர் ஷிஃப்டில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள். மோசமான இயந்திரம் தமிழனுக்கு. சத்தம் கூடிய மூலை தமிழனுக்கு. பொங்கலுக்கு லீவு கேட்டால், "போலந்துக்காரன் முதல் கேட்டுட்டான்" என்பார். போலந்துக்காரனுக்குப் பொங்கலன்று என்ன வேலை என்று யாராலும் எதிர்த்துக் கேட்க முடிந்ததில்லை.

கோயிலில் அன்னதானம் பரிமாறும்போது வரிசையில் மனைவி வந்தால் அரை அகப்பைதான் போடுவார். "வீட்டில காய்ச்சிறது நான். கோயில்ல எனக்கு அரை அகப்பை," என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது, அதை மறைக்க அக்கா பெரிதாக முயன்றதுமில்லை.

அதிகமாக அடி வாங்கியவன் சுதன், அண்ணையின் தங்கை மகன். எங்கள் அணியின் வலது விங். எலக்ட்ரீஷியன் வேலை பழகி முடித்த பையன், ஓட ஆரம்பித்தால் எதிரணிக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் கார்னர் கொடியடியில் நிற்பான். நாங்கள் அடித்த கோல்களில் பாதி அவன் காலிலிருந்து வந்தவை. ஒருமுறை கோடைக்காலத்தில் பக்கத்துக் கிளப்போடு ஒரு நட்புப் போட்டி. நடுவர் வரவில்லை. அண்ணை விசிலை வாங்கிக்கொண்டார். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில், எதிரணி பேக் ஒருவன் சுதனை இழுத்துத் தள்ளினான். சுதன் எழுந்து அவனிடம் ஏதோ சொன்னான். அண்ணை ஓடிவந்தார். தள்ளியவனுக்கு மஞ்சள் அட்டை, சுதனுக்குச் சிவப்பு. எதிரணிக் கேப்டனே வந்து, நட்புப் போட்டிதானே, விடுங்கள் என்று கெஞ்சினான். அண்ணை கையை வெளியே நீட்டியபடி அசையாமல் நின்றார்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் சாப்பாடு. அக்கா மீன் பொரியலை முதலில் சுதனுக்குப் போட்டார், இரண்டாவதும் சுதனுக்கே போட்டார், அண்ணைக்குக் குழம்பை மட்டும் ஊற்றினார்.

"மாமா, நான் அவனுக்கு என்ன சொன்னனான் எண்டு தெரியுமோ? 'காலில பட்டுதோ' எண்டுதான் கேட்டனான்," என்றான் சுதன்.

"எனக்குக் கேக்கேல்லை."

"கேக்காமலே சிவப்போ?"

"நீ என்ர மருமோன் எண்டு அங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் அண்ணை, நடந்துகொண்டே. சுதன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது என்ன நியாயம் என்று எரிச்சல்தான் வந்தது.

அவர் வெளியே போன பிறகு அக்காதான் காரணம் சொன்னார். ஊரைவிட்டு வந்த புதிதில், அகதிகளுக்கான விடுதியில், உடுப்புப் பங்கிடும் பொறுப்பை அண்ணையிடம் கொடுத்திருந்தார்களாம். ஒரு குளிர்காலத்தில், நல்ல ஜாக்கெட்டெல்லாம் தன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டான் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். விடுதிப் பொறுப்பாளர் எல்லோருக்கும் முன்னால் அவருடைய அறையைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பொய் எண்டு அண்டைக்கே தெரிஞ்சு போச்சு தம்பி. மன்னிப்பும் கேட்டவை. ஆனா இவருக்கு அந்தக் கதவு திறந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகேல்லை."

அந்தக் காலத்தில்தான் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவரை எங்கள் கிளப் உள்ளே கூப்பிட்டு ஒரு சட்டையைக் கொடுத்தது. அறையைத் திறந்து பார்க்காமல் தன்னை நம்பிய முதல் இடம் அது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் வாயால் சொன்னதில்லை. ஆடுகிற வயது போன பிறகும் அங்கேயே கிடந்தார். கிளப் சி டிவிஷனில் தடுமாறிய காலத்தில் வலை கட்டினார், பையன்களை வீடு வீடாகப் போய்க் காரில் ஏற்றிவந்தார். சி-யிலிருந்து பி, பி-யிலிருந்து ஏ என்று கிளப் ஏறியது. நான் சேர்ந்தபோது நாங்கள் மாவட்டத்தின் ஏ டிவிஷனில் இருந்தோம். அங்கே அதை க்ரைஸ்லீகா ஏ என்பார்கள்.

இந்த ஏ என்ற எழுத்தைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். உச்சியில் உலகமே டிவியில் பார்க்கிற லீக். அதற்குக் கீழே இரண்டாவதும் மூன்றாவதும் நாடு முழுவதற்குமானவை. நான்காவதிலிருந்து நாட்டைத் துண்டு போடுவார்கள். எங்கள் கீழ்ரைன் பகுதிக்கென்று இருக்கும் மேல்தட்டு, ஓபர்லீகா, ஐந்தாவது. பிறகு லாண்டஸ்லீகா, பெட்சிர்க்ஸ்லீகா. அதற்கும் கீழே, எட்டாவது படியில், சேற்றிலும் செயற்கைப் புல்லிலும் நாங்கள். இதையெல்லாம் அண்ணை வெளியூர் ஆட்டங்களுக்குக் காரில் போகும்போது எனக்குச் சொல்லித் தந்தார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் உடனே போனை எடுத்து யாரோ முன்பின் தெரியாத அணிகளின் புள்ளிப்பட்டியலைப் பார்ப்பார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

"இந்த லீக் ஒருக்கால் ஏழாம் படியில நிண்டது, தெரியுமோ தம்பி?"

"அப்புறம் எப்படிண்ணே இறங்குச்சு?"

"இறங்கேல்லை. தொண்ணூறுகளில மூண்டாம் லீக் எண்டு ஒண்டைப் புதுசா மேல செருகினவை. கீழ இருந்த எல்லாரும் ஒரு படி கீழ போயிட்டினம். ஒரு மட்ச் தோக்கேல்லை, ஒரு கோல் விடேல்லை. நித்திரையால எழும்பிப் பாத்தா எட்டாவது."

"அநியாயமா இருக்கே."

"ஓபர்லீகாவிலயும் உதே கதைதான். பேரை மாத்தினவை. அதுக்கு மேல மாநிலம் முழுக்க ஒரு லீக் வைச்சவை. சில வருசத்தில சரிவராது எண்டு கலைச்சுப்போட்டு, பழைய லீக்குக்குப் பெரிய பேரைத் திருப்பிக் குடுத்தவை. மேல இருக்கிறவை கதிரை மாத்துவினம். நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு நாங்கள்தான் ஒவ்வொரு வருசமும் பாக்க வேணும்."

அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் டிவிஷனிலிருந்து வழக்கமாக ஒவ்வொரு வருடமும் கடைசி மூன்று அணிகள் கீழே இறங்கும். ஆனால் மேலே பெட்சிர்க்ஸ்லீகாவிலிருந்து எங்கள் மாவட்டத்து அணி ஒன்று கூடுதலாக விழுந்தால், அதற்கு இடம் விடுவதற்காக எங்களிடமிருந்தும் ஒன்று கூடுதலாக இறங்க வேண்டும். அதாவது நாங்கள் பார்த்தே இராத ஒரு மைதானத்தில் எவனோ ஒருவன் பெனால்டியை வெளியே அடித்தால் நாங்கள் கீழே போவோம். மற்றவர்கள் எங்கள் ஆட்டம் முடிந்ததும் குளித்துவிட்டுப் பீர் குடிப்பார்கள். அண்ணை போனும் கையுமாக நடப்பார். "இன்னும் முடியேல்லை" என்பார்.

பிறகு அவருக்கு எங்கள் ஆட்டத்தைப் பார்க்கும் கொடுப்பினையும் போனது. ஒவ்வொரு கிளப்பும் தன் அணிகளின் கணக்குக்கு ஏற்ப நடுவர்களைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத கிளப்புக்கு முதலில் அபராதம், அப்புறம் புள்ளி வெட்டு. எங்கள் கிளப்பில் எவனும் விசில் ஊதத் தயாராயில்லை. ஞாயிற்றுக்கிழமையில் திட்டு வாங்க யாருக்கு ஆசை? கடைசியில் அண்ணை போய், பேரன் வயதுப் பையன்களோடு வகுப்பில் இருந்து பரீட்சை எழுதி நடுவர் ஆனார். தன் கிளப்பின் ஆட்டத்துக்கு நடுவராகப் போக முடியாது. ஆகவே நாங்கள் ஆடுகிற அதே நேரத்தில் அவர் வேறெங்கோ வேறு யாருக்கோ விசில் ஊதிக்கொண்டிருப்பார். இடைவேளையில் எனக்குப் போன் வரும். "என்ன மாதிரி?" என்பார். மூச்சு வாங்கும்.

நான் ஆராய்ச்சியை முடிக்கவிருந்த வருடம் எங்களுக்குப் போதாத வருடம். மழைக்காலம் முழுக்கத் தோற்றோம். கடைசி ஞாயிறு வந்தபோது கீழேயிருந்து நான்காவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம். இறங்கினால் அணி கலையும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுதனை டுசல்டோர்ஃப் பக்கத்துக் கிளப் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது, இன்னும் சிலருக்கும் அழைப்பு இருந்தது. ஏ டிவிஷனில் இருக்கும்வரை போக மாட்டோம், பி-யில் போய் ஆடவும் மாட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளரும் விலகுவதாகச் சொன்னார். அண்ணை கட்டியது எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றில் இருந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தேன். பயிற்சியில் விரல் முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் என்னால் ஆட முடியாது, அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நடுவர்களைப் போட்டிகளுக்கு அனுப்புகிறவரிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெட்சிர்க்ஸ்லீகாவில் ஒரு முக்கியமான ஆட்டம், ஒரு லைன்ஸ்மன் குறைகிறது, நீங்கள் போங்கள் என்கிறார். எங்கள் மாவட்டத்து மேட்டுக் கிளப் ஒன்றும் ரைன் நதிப் பக்கத்துக் கிளப் ஒன்றும் மோதுகின்றன. மேட்டுக் கிளப் டிரா செய்தால் போதும், தப்பிக்கும். தோற்றால் அது எங்கள் டிவிஷனுக்கு விழும், அப்படி விழுந்தால் மூன்றுக்குப் பதில் நான்கு அணி இறங்கும், அந்த நான்காவது நாங்கள்.

அண்ணை போனிலேயே அதை விளக்கினார். தன்னை அனுப்பக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. உங்கள் கிளப் வேறு லீக்கில் அல்லவா இருக்கிறது, இப்படியெல்லாம் கணக்குப் போட்டால் நான் நிலாவிலிருந்துதான் ஆள் கூட்டிவர வேண்டும் என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அண்ணை சமையலறையில் நடக்க ஆரம்பித்தார்.

"காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ," என்றார் அக்கா.

"பொய்யோ?"

"ஒரு நாள் பொய். அதில ஆருக்கு என்ன நட்டம்?"

"தன்ர கிளப்புக்காகத்தான் ஒளிச்சவன் எண்டு பிறகு சொல்லுவினம்."

"போனாலும் சொல்லுவினம், போகாட்டிலும் சொல்லுவினம். உங்களுக்கு என்னதான் வேணும்?" அக்கா சட்டியை ணங்கென்று வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் என்னை மேட்டுக் கிளப்பின் மைதானத்துக்கு அனுப்பினார். அங்கே நடப்பதை அணியின் வாட்ஸ்அப் குழுவுக்கு உடனுக்குடன் அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்டமும் அதே நேரத்தில் எங்கள் மைதானத்தில். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாசேஜ் புகைக்கும் காப்பி வாசனைக்கும் நடுவே நின்றேன். எனக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் அண்ணையின் முதுகு, கையில் மஞ்சள் கொடி. அவர் என்னைப் பார்த்தார், தலையசைக்கவில்லை. அவர் கோட்டோரம் ஓட ஓட நானும் தடுப்போரமாக நகர்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ரைன் பக்கத்து அணி ஒரு கோல் அடித்தது. எங்கள் மைதானத்திலிருந்து செய்தி வந்தது: சுதன் கோல், ஒன்றுக்கு ஒன்று, டிரா. அங்கே எங்கள் பையன்கள் தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டார்கள். கீழேயிருந்து நான்காவது இடம் உறுதி. மீதியெல்லாம் நான் நின்ற இடத்தில்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேட்டுக் கிளப்பின் கீப்பர்கூட முன்னால் ஏறி வந்துவிட்டார். கட்டுப் போட்ட விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியும் நேரம், இடது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ். மேட்டுக் கிளப்பின் உயரமான ஃபார்வர்டு எகிறித் தலையால் முட்டினான். பந்து கொடுக்கப்பட்ட நொடியில் நான் சரியாக அவனுக்கு நேரே நின்றேன். எதிரணி பேக் இரண்டு பேர் அவனைவிடக் கோலுக்குக் கிட்ட நின்றார்கள், ஒரு முழு எட்டு வித்தியாசம். என் ஊரில் கண் தெரியாதவன்கூட அதை ஆஃப்சைட் என்று சொல்ல மாட்டான். வலை குலுங்கியது. நான் கத்தினேன். "கோல்" என்று குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு அண்ணையைப் பார்த்தேன்.

அவர் முகத்தில் பல் தெரிந்தது, ஒரு நொடிதான். அந்த மனிதர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அடுத்த நொடி முகம் வெளிறியது. கொடி மேலே போனது.

நடுவர் இளவயதுப் பையன், கொடியைப் பார்த்து, ஆஃப்சைட், கோல் செல்லாது என்று விசில் ஊதினான். மேட்டுக் கிளப் ஆட்கள் அண்ணையைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒருவர் காப்பிக் கோப்பையை எறிந்தார். அண்ணை கொடியை இறக்காமல் நின்றார். என் போனில் எங்கள் பையன்களின் கொண்டாட்டம் வந்து கொட்டிக்கொண்டிருந்தது: குதிக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். அதற்குக் கீழே நான் "இல்லை. ஆஃப்சைட்" என்று தட்ட வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட வெறுத்து எதையும் எழுதியதில்லை.

மாலையில் எல்லோரும் கிளப் அறையில் கூடினோம். சுதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்கள் நேர நிண்டனீங்கள்தானே? சொல்லுங்கோ."

"ஆஃப்சைட் இல்ல சுதன். பக்கத்துலகூட இல்ல."

அவன் ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டே இருந்தான். அப்போது அண்ணை உள்ளே வந்தார். வேறு யாராக இருந்தாலும் அன்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். பயிற்சியாளர் எழுந்து, உன் சொந்தக் கிளப், உன் சொந்தக் கை என்று கத்தினார். "ஆஃப்சைட்," என்று ஜெர்மனில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, அண்ணை வலைகளைக் கழற்றிச் சுருட்டப் போய்விட்டார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

மேட்டுக் கிளப் முறையிட்டுப் பார்த்தது. மைதானத்தில் நடுவர் எடுத்த முடிவை மேசையில் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. எங்கள் பயிற்சியாளர் ஆத்திரத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரனிடம், எங்களைக் கீழே அனுப்பியது எங்கள் ஆளின் கொடிதான், எழுது என்றார். அவன் எழுதினான். ஆனால் அவன் எழுதியது வேறு மாதிரி இருந்தது: தன் கிளப் விழும் என்று தெரிந்தும் கொடியைத் தூக்கிய நேர்மையாளர்! ஊரே அதைப் படித்தது. தொழிற்சாலையில் முதலாளி வந்து கை கொடுத்தாராம். பேக்கரியில் முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி அண்ணையைக் கூப்பிட்டு வாழ்த்தினாளாம். நாற்பது வருடமாக எந்தச் சொல்லுக்குப் பயந்தாரோ, அதற்கு நேரெதிரான சொல்லை இப்போது எல்லோரும் சொன்னார்கள்.

சுதன் டுசல்டோர்ஃப் கிளப்பில் கையெழுத்துப் போட்டான். மாமா வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அணி கலைந்தது. ஒரு நாள் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ. இவர் கதிரையில இருக்கிறார்."

"என்னக்கா?"

"பின்னேரம் இருந்தவர், இன்னும் எழும்பேல்லை. எனக்குப் பயமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். சமையலறை நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் மேசையில் கிடந்தது. வாங்கோ தம்பி என்றார். அவர் நடக்கிறபோது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்ததோ, அவர் உட்கார்ந்திருந்தது அதைவிட அதிகமாக என்னைப் படுத்தியது.

இலையுதிர்காலத்தில் நடுவர்களின் ஆண்டுக் கூட்டம் வந்தது. அந்த வருடத்தின் நேர்மைக்கான பாராட்டு அண்ணைக்கு என்று கடிதம் வந்தது. போக மாட்டேன் என்றார். போகாவிட்டால் தலைக்கனம் என்று சொல்லுவினம் என்று அக்காவே அவருடைய ஆயுதத்தை அவர் மேலேயே எறிந்தார். சுதனுக்கும் அக்காதான் போன் செய்தார்: "மாமாக்காக வேண்டாம், எனக்காக வாடா." நான் ஹனோவரில் வேலையில் சேர்ந்திருந்தேன். ரயில் பிடித்து வந்தேன்.

ஒரு பள்ளிக்கூட மண்டபம். காகித விரிப்புப் போட்ட மேசைகள், உருளைக்கிழங்கு சாலட், பீர். நாங்கள் முன்மேசை. சுதன் என் பக்கத்தில், மேசையைப் பார்த்தபடி. கடைசி மேசையில் மேட்டுக் கிளப்பைச் சேர்ந்த நடுவர் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீளமாகப் பேசினார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அண்ணை மேடையில் ஏறினார். பூங்கொத்தும் கண்ணாடிப் பட்டயமும் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கையும் கொடுத்தார்கள்.

அவர் பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்தார். மண்டபத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் மேசையைப் பார்த்தார்.

"சுதன்," என்றார் தமிழில். "அது ஓஃப்சைட் இல்லையடா."

அக்கா என் கையைப் பிடித்தார்.

"கோல் விழுந்தவுடன எனக்குச் சந்தோசம் வந்திட்டுது. எங்கட பெடியள் தப்பீட்டாங்கள் எண்டு வந்த சந்தோசம். அது எனக்கு வரக் கூடாதெல்லோ. வந்தபடியாத்தான் கொடியைத் தூக்கினன். உனக்கும் பிழை செய்திட்டன், அந்தப் பெடியளுக்கும் பிழை செய்திட்டன்."

சுதன் எழுந்து நின்றான். "தெரியும் மாமா," என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மண்டபத்தில் இருந்தவர்கள், மாமனும் மருமகனும் உருகுகிறார்கள் என்று மறுபடி கைதட்டினார்கள். தலைவர் இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். என்ன சொன்னார், எங்களுக்கும் சொல்லுங்களேன் என்று சிரித்தபடி சுதனிடம் நீட்டினார். சுதன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். மைக் என்னிடம் வந்தது.

எழுந்தேன். கடைசி மேசைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடும்பத்துக்கு நன்றி சொன்னார்," என்றேன் ஜெர்மனில். "ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. மேடையில் அண்ணையின் கையில் மைக் இன்னும் இருந்தது. அவருக்கு ஜெர்மன் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தன் ஆள் ஒருவன் செய்த தப்பை அவர் ஒருநாளும் விட்டவரில்லை. வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.